தாஸின் இடது முட்டி

1

எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் எல்லாரும் எலும்பு டாக்டர் ஆகிவிடுகிறார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஓர் ஏரிக்கரையில் இருக்கும் நடுத்தர நகரம். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் 'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டு, சரிதானா என்று பேனா ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்கிறது.

இந்த ஊருக்கென்று ஒரு ஃபுட்பால் அணி இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையால் அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிற ஆட்டம். சீசன் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முன்னால் ஆகஸ்ட் முழுக்கப் பயிற்சி முகாம். தொண்ணூறு பேரைக் கூப்பிட்டு, ஏறக்குறையப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யார் தங்குவார்கள், யார் போவார்கள், யாருக்கு எங்கே அடி, யாருக்குத் தொடையில் பிடிப்பு என்று மளிகைக் கடை வரிசையிலும் பெட்ரோல் பங்க்கிலும் இதே பேச்சுதான். நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் என்னிடம் வருகிற பாட்டிமார்கள்கூடத் தங்கள் இடுப்பை மறந்துவிட்டு அணியின் முட்டிகளைப் பற்றி விசாரிப்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை. என் மகள் தாரிணிக்குப் பதினான்கு வயது. பக்கத்து வீட்டு ரே, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பேரும் எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி அடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் முகாமில் ஓர் ஆட்டக்காரன் பந்தைப் பிடிக்கத் திரும்பியபோது, யாருமே இடிக்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தாரிணி அதைத் தன் போனில் ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, நீ நாள் முழுக்க முட்டியைத்தானே தொட்டுக்கொண்டிருக்கிறாய். இவன் அணியில் இருப்பானா, மாட்டானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது.

நான் பார்த்தேன். இரண்டாவது தடவையும் பார்த்தேன்.

"தெரியலடி."

"உனக்கு எதுவுமே தெரியாது. யார் எதைக் கேட்டாலும் இதுதான் உன் பதில்."

ரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். என் நோயாளிகளைப் பற்றி நான் எழுதும் அறிக்கைகளில் 'போலத் தெரிகிறது', 'இருக்கக்கூடும்' என்ற சொற்கள்தான் அதிகம் என்று என் மேலதிகாரியும் சொல்லியிருக்கிறாள். இந்த வியாதி எனக்கு எப்போது வந்தது என்று மட்டும் நன்றாகத் தெரியும். அது மயிலாப்பூரில் வந்தது.

2

என் அப்பா தொலைபேசி இலாகாவில் குமாஸ்தா. எங்கள் வீடு மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சொந்தக்காரர்களெல்லாம் டிசம்பரில் சபா சபாவாக அலைவார்கள். அப்பாவுக்குப் பாட்டும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். கால்பந்து ஒன்றுதான். நான் ஒரே பெண். எனக்கு ஆறு வயதாகும்போதே சைக்கிள் பின்சீட்டில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "பொம்மனாட்டிக் குழந்தையை அங்கே ஏன் இழுத்துண்டு போறேள்?" என்று அம்மா கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

அப்பாவின் அணி, மவுண்ட் ரோடில் பெரிய அலுவலகம் வைத்திருந்த ஓர் அரசு நிறுவனத்தின் அணி. பெயர் வேண்டாம். லீக் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் கேம்ப் போடுவார்கள். முப்பது பேரைக் கூப்பிடுவார்கள், இருபது பேரை எடுப்பார்கள். அந்த இருபதில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் போக, நாலைந்து வெளிப் பையன்கள். சீசனில் நன்றாக ஆடினால் அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைக்கும். ஆகவே கேம்ப் பட்டியல் என்பது வெறும் ஆட்டப் பட்டியல் இல்லை.

மைதானத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் ரசிகர்கள் அங்கே கூடுவார்கள். அப்பாவுக்கு அங்கே நெருங்கிய நண்பர் காதர் பாய். ராயப்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருந்தவர். மதியத்துக்கு மேல் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். நான் படித்து முடித்து, லஸ் பக்கம் ஓர் எலும்பு டாக்டரின் நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வேலை விட்டு வரும் வழியில் அங்கே போய்ச் சற்றுத் தள்ளி நின்று கேட்பேன்.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ, அந்த வருடம் பேச்சு முழுக்க இரண்டு பேரைப் பற்றி. முன்வரிசையில் ஓர் இடம்தான் காலி. ஒருவன் மரியதாஸ், பட்டினப்பாக்கத்துக் கடற்கரைப் பையன். அப்பாவும் அண்ணனும் கட்டுமரத்தில் போகிறவர்கள். இன்னொருவன் பிரகாஷ், நங்கநல்லூரிலிருந்து மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வருவான். தோளில் பூட்ஸ் பை, நெற்றியில் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம்.

"தாஸ் இல்லாம முன்னால இன்னா கீது சொல்லு சாமி?" என்பார் காதர் பாய், அப்பாவைப் பார்த்து. "பிரகாஷு நல்ல புள்ளதான். தண்ணி மாதிரி ஓடுறான். கோல் கிட்ட போனா யோசிக்கிறான்பா. யோசிக்கிறவனுக்கு அங்க இன்னா வேல?"

"யோசிக்கறது தப்பா பாய்? தாஸ் பத்து அடிச்சா எட்டு வெளியிலதான் போறது."

"மீதி ரெண்டு உள்ள போவுதுல்ல."

இப்படித்தான் ஒரு மாதமும் போகும். யார் சொன்னதற்கும் எந்த மதிப்பும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. அந்த அணியின் கோச் அதே கடையில்தான் டீ குடிப்பார். ஓரமாக நின்று ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

3

பட்டியல் வருவதற்கு நாலு நாள் முன்னால், தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் தாஸ் தலையால் பந்தை முட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது இடது கால் மடங்கியது. தானே எழுந்து, நடந்து கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். "சுளுக்கு" என்றார் ஒருவர். "சுளுக்குன்னா கத்தியிருப்பான், இது வேற" என்றார் இன்னொருவர்.

மறுநாள் காலை அவன் எங்கள் நர்சிங் ஹோமுக்கு வந்தான். டாக்டர் ஒரு வாரமாக டெல்லியில். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. முட்டி மட்டும் வீங்கி, இளநீர் போல வழவழத்திருந்தது.

இந்தக் காயத்துக்குக் கையாலேயே ஒரு சோதனை உண்டு. தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை மறு கையால் முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல முட்டி சற்று நகர்ந்து டக்கென்று நிற்கும். உள்ளே தசைநார் அறுந்திருந்தால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். அதை நாங்கள் 'முட்டி ஆடுகிறது' என்போம்.

தாஸின் இடது முட்டி வலதைவிட ஒரு நூல் அதிகமாக வந்தது. நின்றதா, நிற்கவில்லையா? நின்றதுபோலவும் இருந்தது. அவன் வலியில் தொடையை இறுக்கிக்கொண்டிருந்தான், அதனால் நின்றிருக்கலாம். வலது முட்டியும் கொஞ்சம் தளர்வுதான். சின்ன வயதிலிருந்து மணலில் ஓடுகிறவனுக்கு அப்படி இருக்கலாம். எனக்கு இருபத்தைந்து வயது. அப்படிப்பட்ட முட்டிகள் அதற்குமுன் ஐந்தாறுதான் பார்த்திருந்தேன்.

"ஸ்கேன் எடுத்தாதான் சரியா தெரியும் தாஸ். எடுக்கற எடம் ஒண்ணு ரெண்டுதான். ரெண்டு வாரம் ஆகும்."

"லிஸ்டு திங்கக்கெயம வருதுக்கா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? டாக்டர் வர்ற வரைக்கும் ஓடாத."

அவன் கட்டிலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்த வருசம் வுட்டா வயசு தாண்டிடும்க்கா. அண்ணன் மாரி நானும் கடலுக்குத்தான் போவணும். எனுக்குக் கடல்னா பயம். வூட்ல கூட யாருக்கும் தெரியாது."

பட்டினப்பாக்கத்துப் பையன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"கேம்ப்புல யாராச்சும் கேட்டா, நல்லாத்தான் கீதுன்னு சொல்லுங்கக்கா."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அது எங்க வேலைல வழக்கம்."

அவன் தலையாட்டினான். எதைப் புரிந்துகொண்டு தலையாட்டினான் என்று தெரியவில்லை.

4

இங்கே அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மரம் வெட்டுகிற ஒரு பெரிய ஆளின் முட்டியைச் சோதித்தேன். தளர்வாக இருந்தது. தமிழில் மனசுக்குள் 'ஆடறது' என்று ஓடியதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். உங்கள் முட்டி நடுங்குகிறது என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. "எனக்குப் பயமொன்றும் இல்லையே அம்மணி" என்றார். கூட இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்புக்காக இல்லை. அந்த ஒரு சொல் அதற்கு முன்னாலும் என்னை மாட்டிவிட்டிருக்கிறது.

5

தாஸின் முட்டியை நான் சோதித்த அதே நாள் சாயங்காலம். வீட்டில் நான் அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ராஜி, தாஸ் உங்கிட்ட வந்தானாமே. கால் ஆடுமா?"

டீக்கடையில் பேசுகிறவர்களுக்குக் கால் ஆடுமா என்றால், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் ஆட்டத்தில் இறங்க முடியுமா என்று அர்த்தம். ஆனால் அன்று காலையிலிருந்து எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த ஒரு நூல் நகர்வு கையிலேயே இருந்தது.

நான் என்ன சொன்னேன்? 'ஆடும்பா' என்றேனா, 'ஆடறதுப்பா' என்றேனா? முதலாவது சொன்னால் அவன் இறங்கலாம் என்று ஆகும். இரண்டாவது சொன்னால் முட்டி தளர்ந்திருக்கிறது என்று ஆகும். இரண்டில் ஒன்றைச் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவேளை எந்தப் பக்கமும் சாயாத ஒரு சொல்லை வேண்டுமென்றேதான் பொறுக்கினேனோ? அதுவும் தெரியவில்லை.

"சரி" என்றார் அப்பா. சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீக்கடையில் என்ன நடந்தது என்று காதர் பாய் பிற்பாடு சொன்னார். தாஸ் காலி, பிரகாஷ்தான் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்த நேரம். அப்பா வந்து, "எம் பொண்ணே கையால தொட்டுப் பாத்துட்டா. ஆடும்னு சொல்லிட்டா" என்றாராம். கோச் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பட்டியலைப் படித்தார்கள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோச்சிடம் தனியாகப் பேசி, என் கருத்து என்று எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் எடுக்கட்டும் என்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

கோச் ஒவ்வொரு பெயராகப் படித்தார். இருபதாவது பெயர் மரியதாஸ். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

பிரகாஷ் பின்வரிசையில் நின்றிருந்தான். மற்றவர்கள் கலைந்த பிறகு கோச்சிடம் வந்து, "சார், என் பேர் படிக்க விட்டுப்போச்சா?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டான்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் பிரகாஷ்" என்றார் கோச். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க அப்பா சொன்னாரும்மா. ரொம்ப உபகாரம். நானே தாஸை விட்டுடலாம்னுதான் இருந்தேன்."

எனக்குப் பத்தடி தூரத்தில் தாஸ் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரகாஷ் என் பக்கத்திலேயே நின்றான். நான் வாயைத் திறந்தால் ஒருவன் கடலுக்குப் போவான். திறக்காவிட்டால் இன்னொருவன் வீட்டுக்குப் போவான். அதோடு, நான் சொல்லப்போவது சரியா என்பதே எனக்குத் தெரியாது.

"பரவால்ல சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

6

தாஸ் முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டு ஆடினான். முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்து கோல். காதர் பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், சாமியோட பொண்ணு கை வைத்த கால் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு ஆட்டமும் நரகம். அவன் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். டாக்டர் திரும்பி வந்து ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை அவன் எங்கேயோ தொலைத்துவிட்டான். இரண்டு தடவை நேரில் பார்த்துக் கேட்டேன். "வலியே இல்லக்கா" என்றான். வலியே இல்லாவிட்டால் ஒருவேளை நான் நினைத்ததுதான் தப்போ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது.

ஆறாவது ஆட்டம் முடிந்த வாரம் வேலை உத்தரவு வந்தது. ஏழாவது ஆட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், பந்தை வாங்கித் திரும்பினான். விழுந்தான். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு அவன் ஆடவே இல்லை. வேலை போகவில்லை. உத்தரவு கைக்கு வந்திருந்ததால் தபால் பிரிவில் உட்காரவைத்தார்கள். இடது காலை முழுக்க மடக்க வராது.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அமெரிக்காவில். புடவை எடுக்க அம்மாவோடு தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் சீருடை போட்டுக்கொண்டு புடவைகளைப் பிரித்து வீசிக்கொண்டிருந்தவன் பிரகாஷ். என்னை அவன்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டான்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? தாஸ் கால் எப்படி இருக்கு?"

"மடக்க முடியல."

அவன் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையைக் கையில் ஏந்திக்கொண்டே நின்றான். அம்மா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க பாத்தப்போ நல்லாத்தான் இருந்துதா மேடம்?"

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா என்று இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. தன் பெயர் விட்டுப்போச்சா என்று கேட்ட அதே குரல்தான்.

"எனக்கு சரியா தெரியல பிரகாஷ்."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் புடவையின் முந்தானையை விரித்துக் காட்டினான். எனக்கு மஞ்சள் பிடிக்காது. அதையே எடுத்துக்கொண்டேன்.

7

இங்கே வந்ததும் என் படிப்பு செல்லாது என்றார்கள். சென்னைக் கல்லூரியிலிருந்து நாலு வருடப் பாடத்திட்டத்தை மூடி ஒட்டிய உறையில், ஓரங்களில் முத்திரை குத்தி, நேராக அனுப்பச் சொன்னார்கள். முதல் உறை வழியில் பிரிந்துபோய் வந்ததால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இரண்டாவதில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் இல்லை, அப்பா பெயர் இருக்கிறது, இது நீங்கள்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். அப்பா சென்னையில் வேகாத வெயிலில் அந்தக் கல்லூரிக் குமாஸ்தாவிடம் ஆறு தடவை நடந்தார். தொழில் செய்ய உரிமம் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று.

கடைசிப் படிவத்தின் நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி. நீங்கள் தெரிவித்த தொழில்முறைக் கருத்து எதனாலாவது யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதுண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாதிப்பு யாருக்கு? தாஸுக்கா? அவனுக்கு என்னால்தான் வேலை கிடைத்தது. பிரகாஷுக்கா? அவன் என் நோயாளியே இல்லை. நான் தெரிவித்தது கருத்தா? அடுப்படியிலிருந்து சொன்ன ஒரே ஒரு சொல். அதையும் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கணவரிடம் கேட்டேன். "இல்லைன்னு போடு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். இல்லை என்று போட்டேன்.

போன மாதம் தாரிணி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போன பிறகு, அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரம் கழித்து அந்த ஆட்டக்காரனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் சுருண்டு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழும் ஆங்கிலமுமாக தாஸின் கதையைச் சொன்னேன். 'ஆடு' என்ற சொல்லை விளக்கவே கால்மணி நேரம் ஆயிற்று.

"அப்படியானால் நீ செய்தது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள்.

"தெரியலடி."

இந்தத் தடவை அவள் எழுந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

8

அவளிடம் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது.

உரிமம் கிடைத்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், முதல் தடவையாகச் சென்னைக்குப் போனேன். அப்பாவுக்கு மூட்டுத் தேய்மானம். மைதானத்துக்குப் போவது நின்றுபோயிருந்தது. காதர் பாய் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து யார் எப்படி ஆடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் காலை அப்பாவின் காலை என் மடியில் வைத்து நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீ சொன்னது எனக்குப் புரியாம இல்லடி" என்றார் திடீரென்று.

"எது?"

"ஆடறதுன்னுதான் சொன்னே. ஆடும்னு சொல்லலை. முட்டியத்தான் சொல்றேன்னு தெரிஞ்சுது."

என் கை நின்றுவிட்டது. "அப்பறம் ஏன்ப்பா அங்க போய் மாத்திச் சொன்னேள்?"

அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் எங்கிட்டயும் வந்தான். வயசு தாண்டிடும்னு அழுதான்." பிறகு, "அவன் இல்லேன்னா நாம தோத்திருப்போம். அதுவும் இருந்துது" என்றார்.

"எதுப்பா முதல்ல?"

"அதான் எனக்கே தெரியலை. நீ கேப்பேன்னு இத்தனை நாளா யோசிச்சிண்டிருக்கேன்."

அவர்மீது கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை மைதானத்தில் நான் வாயைத் திறக்காததற்கு அவரா காரணம்? மிச்சமிருந்த பத்துத் தடவையையும் எண்ணி அந்தக் காலை மடக்கி நீட்டினேன்.

அந்த வாரமே மவுண்ட் ரோடு அலுவலகத்துக்குப் போனேன். தாஸ் கொஞ்சம் பருத்திருந்தான். கல்யாணமாகியிருந்தது. பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"தாஸ், அன்னிக்கு உன் முட்டில தசைநார் அறுந்திருக்குன்னு எனக்குப் பாதி தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

அவன் டீயை ஊதிக் குடித்தான்.

"உங்களுக்குப் பாதி தெரியும்க்கா. எனுக்கு முழுசா தெரியும். வியுந்தப்பவே உள்ள அறுந்த சத்தம் கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்லல." பிறகு, "ஆறு மேட்சு தாங்கும்னு நெனச்சேன். ஏழாவது ஆடியிருக்கத் தேவையில்ல. ஆர்டர் வந்திடுச்சே. ஆனா ஆடணும்போல இருந்துச்சுக்கா" என்றான்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததை ஒருவன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. கூடவே, ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று அவனை அறையவும் தோன்றியது.

கிளம்பும்போது படிக்கட்டு வரை வந்தான். "அக்கா, ஊருக்குப் போறதுக்குள்ள வூட்டுக்கு ஒரு தபா வாங்க. அண்ணன் பொண்ணு ஸ்கூல்ல நல்லா ஓடுறா. மாவட்டப் போட்டிக்கு எடுத்துக்கீறாங்க. ஒரு மாசமா முட்டி வலிக்குதுன்றா. ஓடலாமா வேணாமான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நானா?"

"வேற யாரு சொல்லுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டினப்பாக்கம் போனேன். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண், பெயர் ஸ்டெல்லா, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பாயில் காலை நீட்டி உட்கார்ந்தாள். முதலில் வலி இல்லாத முட்டி, பிறகு வலிக்கிற முட்டி. இழுத்தேன். டக்கென்று நின்றது. பக்கவாட்டில் தள்ளினேன். அசையவில்லை. முட்டிக்குக் கீழே எலும்பு வளருகிற இடத்தில் மட்டும் தொட்டால் வலி. ஓடுகிற பிள்ளைகளுக்கு அந்த வயதில் வருவதுதான். மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

"முட்டி நல்லா உறுதியா இருக்கு. நீ தாராளமா ஓடலாம். ஓடி முடிச்சப்புறம் ஐஸ் வெச்சுக்கோ" என்று, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துச் சொன்னேன்.

நான் முடிப்பதற்குள் அவள் எழுந்து, படகுகளுக்கு நடுவே புகுந்து, தண்ணீரை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். தாஸும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அலையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தாஸ் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நிஜமாத்தானேக்கா?"

நான் அவனைப் பார்த்தேன். பிறகு மணலில் ஓடிவரும் அந்தக் கால்களைப் பார்த்தேன்.

"அவளைக் கூப்பிடு தாஸ்" என்றேன். "இன்னொரு தடவை பாத்துடறேன்."